பியானோவின் மேல் ஒரு தொப்பி

அந்தத் தொப்பி என்னுடையது. 1908 மார்ச்சில் லியோன் நகரத்து வரவேற்பறைகளில் அது யாருடையது என்று ஊகித்தவர்கள் பலர். ஒரு வழக்கறிஞர் பெயர் அடிபட்டது. ஒரு குதிரைப்படை அதிகாரியின் பெயரும் அடிபட்டது. செய்தித்தாளில் கண்காட்சி விமர்சனம் எழுதும் நாற்பத்தொரு வயது பிரம்மச்சாரியை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

படத்தை வரைந்தவன் என் நண்பன் ஜொவானி தெவெனூ. சோன் ஆற்றை ஒட்டிய தில்சித் கரையில், இரண்டாம் மாடி வீடொன்றின் வரவேற்பறைதான் படம். இடப்பக்கம் இரண்டு பெரிய ஜன்னல்கள். பிற்பகல் வெளிச்சம் அவற்றின் வழியே சாய்வாக இறங்கி, மெழுகிட்ட தரையில் நீண்டு கிடக்கிறது. நடுவில் நாலைந்து நாற்காலிகள், கணப்படுப்பு, அதன் மேல் கண்ணாடி. வலது ஓரத்தில் மூடிய பியானோ. சுவர் முழுக்க மஞ்சள் பட்டு. அறையில் மனிதர்கள் யாரும் இல்லை.

அந்தப் பட்டுக்காகத்தான் படமே. மதாம் வலந்தீன் சவானியின் கணவர் எதியேன் பட்டு முதலாளி. திருமணமான வருடம், அந்த ஒரு அறைக்கென்றே நெய்யச் சொல்லி, அதன் பிறகு அந்த வடிவத்தை வேறு யாருக்கும் நெய்ய விடாதவர். நுரையீரல் நோயில் அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஜன்னலோரத்துப் பட்டு வெயிலில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மதாம் சவானி தெவெனூவை வரவழைத்துச் சொன்னாராம்:

"இன்னும் பத்து வருஷத்துல இது வைக்கோல் நெறமாயிடும், மொசியே தெவெனூ. நெறம் இருக்கறப்பவே வரைஞ்சு குடுங்க. என்னை வரைய வேண்டாம், என் பொண்ணையும் வரைய வேண்டாம். சுவரை வரைங்க."

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, தினமும் பகல் ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை அவன் அந்த அறையில் நின்று வரைந்தான். பணிப்பெண் க்ளோடின் மூலையில் உட்கார்ந்து துணி தைத்தாள். அறையில் ஆண் ஒருவன் இருக்கும்போது அவள் அங்கே இருக்க வேண்டும் என்பது மதாமின் உத்தரவு. ஜனவரிக் கடைசியில் படத்தை, நெசவாளர்கள் வாழும் க்ருவா-ரூஸ் மேட்டில் இருந்த தன் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஓவியச் சங்கத்தின் கண்காட்சியில் வைக்கவும், அருங்காட்சியகம் கேட்டால் விற்றுவிட்டுத் தனக்கு ஒரு நகல் வரைந்து தரவும் மதாம் சம்மதித்திருந்தார். பிப்ரவரி நடுவில் ஒருநாள் காலை என் அறைக்கு வந்தான்.

"டேய் பிலிபேர், உன் தொப்பியைக் குடு. அந்தப் பட்டுத் தொப்பி."

"எதுக்கு? யாராவது செத்துட்டாங்களா?"

"படம் செத்துக்கிட்டிருக்கு. வலது பக்கம் காலியா கெடக்கு. பியானோ, அதுக்கு மேல சுவர், சுவர் பூரா மஞ்சள். கண்ணு போய் நிக்க அங்க ஒரு கறுப்பு வேணும்."

"ஒரு பூனையை வையேன்."

"பூனை அசையும். உன் தொப்பி உன்னை மாதிரி. வச்ச எடத்துல இருக்கும்."

தொப்பியோடு என் சாம்பல் நிறக் கையுறைகளையும், வெள்ளிக் குமிழ் வைத்த கைத்தடியையும் எடுத்துப் போனான். மூன்று நாள் கழித்துத் திருப்பித் தந்தபோது தொப்பியின் விளிம்பில் மஞ்சள் சாயம் ஒட்டியிருந்தது. அது இன்னும் போகவில்லை.

கண்காட்சி திறந்த முதல் ஞாயிறே அந்தப் படத்தின் முன்னால் கூட்டம் நின்றது. பியானோவின் மேல் என் தொப்பி மல்லாந்து கிடந்தது. உள்ளே கையுறைகள், பக்கத்தில் கைத்தடி. அவன் சொன்னது சரிதான். அந்தக் கறுப்பு இல்லாமல் அந்த மஞ்சள் இவ்வளவு எரியாது. நகர அருங்காட்சியகத்துக்குப் படம் வாங்கும் குழுவினர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். புதன்கிழமைப் பத்திரிகையில் அரைப் பத்தி எழுதினேன். அதில் ஒரு வரி: "படத்தின் உயிர் பியானோவின் மேல்தான் இருக்கிறது. கையுறைகளை உள்ளே போட்டு வைத்த ஒரு தொப்பி. போவதற்கு எந்த அவசரமும் இல்லாத ஒருவருடைய தொப்பி."

அந்த வரியை எழுதி முடித்தபோது எனக்கு அன்றைய வேலை நன்றாக முடிந்ததாகத் தோன்றியது.

பதினைந்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை முற்பகல், மதாம் சவானி பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். நான் அவரை அதுவரை பார்த்ததில்லை. முப்பத்தெட்டு வயதிருக்கும். சாம்பலும் ஊதாவும் கலந்த உடை. கறுப்பு உடைக்குப் பிறகு வரும், துக்கத்தின் கடைசிப் படி. க்ளோடினை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டு, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டொன்றை எடுத்து வைத்தார். என் வரியின் கீழே நீலப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"இதை எழுதினது நீங்கதானே?"

"ஆமாம், மதாம்."

"இந்தக் கோடு நான் போட்டதில்ல. என் கணவரோட அண்ணன் போட்டது. ஒண்ணு கேக்கறேன். நீங்க ஒரு வீட்டுக்குப் போனா தொப்பியை எங்க வைப்பீங்க?"

"மடியில வைப்பேன். இல்லன்னா நாற்காலி பக்கத்துல, தரையில."

"வாசல் அறையிலயே விட்டுட்டு உள்ள வருவீங்களா?"

"அது எப்படி மதாம்? கிளம்பற எண்ணமே இல்லாதவன் மாதிரி ஆயிடுமே."

"மேசை மேல, பியானோ மேல வைப்பீங்களா?"

"அந்த வீட்டு ஆம்பளை மட்டும்தான் அப்படி..."

பால் பல் விழும் முன்னே எங்கள் ஊரில் எல்லோரும் தெரிந்துகொள்ளும் விஷயம் இது; யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லோரும் அந்தப் படத்தில் ஒரு விதவையின் வரவேற்பறையில் வீட்டு ஆம்பிளையின் தொப்பியைப் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும் என் தொப்பியைப் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, அவனுக்குப் போக அவசரமில்லை என்று அச்சில் வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மதாம் சவானி குரலை உயர்த்தாமல் பேசினார். படம் அவர் வீட்டை விட்டுப் போகும்போது அதில் தொப்பி இல்லை. கண்காட்சியின் முதல் நாள், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார்.

"எடுத்துடுங்கன்னு அங்கயே சொல்லியிருக்கலாம். சொன்னா, எல்லாரும் திரும்பிப் பாத்திருப்பாங்க. பேசாம இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நெனப்பு தப்பு."

"உங்க கணவரோட அண்ணன் உங்ககிட்ட வந்து கேட்டாரா?"

"அந்தெல்மா? கேட்டார். 'அந்தத் தொப்பி யாரோடது, வலந்தீன்?'னு நேராவே கேட்டார். தெரியாதுன்னு சொன்னேன். அது உண்மை. ஆனா அதைவிட மோசமான பதில் ஒண்ணு இருக்கா, சொல்லுங்க."

மதாமுக்கு எட்மே என்று பதினோரு வயதில் ஒரே மகள். தந்தை இறந்தால் தாய்தான் காப்பாளர். ஆனால் தந்தை வழியில் ஒருவர் அவரைக் கண்காணிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். இங்கே அந்தப் பொறுப்பு அந்தெல்ம் சவானிக்கு. தாயின் நடத்தை சரியில்லை என்று அவர் கருதினால் உறவினர் குழுவைக் கூட்டலாம்: தந்தை வழியில் மூன்று பேர், தாய் வழியில் மூன்று பேர், தலைமைக்கு வட்டார நீதிபதி. அந்தெல்ம் கூட்டியிருந்தார். வரும் திங்கட்கிழமை. குழு அவர் பக்கம் வாக்களித்தால் எட்மே, பூர் என்ற ஊரில் உள்ள கன்னியர் மடத்தில் தங்கிப் படிப்பாள். விடுமுறைக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போவாள்.

"என் தரப்பு மூணு பேர்ல ஒருத்தர் ஏற்கெனவே என் முகத்தைப் பாக்கறதில்ல. ஆறு பேர்ல நாலு பேர் போதும் அவருக்கு," என்றார். பிறகு, வந்த விஷயத்தைக் கேட்டார்: "நீங்க கண்காட்சிக்குப் போறவர், ஓவியர்களைத் தெரிஞ்சவர். அந்தத் தொப்பி யாரோடது?"

"என்னோடது, மதாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"உங்க தொப்பி என் வீட்டுக்கு எப்ப வந்துச்சு?"

"வரவேயில்ல. தெவெனூ அவன் பட்டறையில வச்சு வரைஞ்சான்."

"அப்ப என் வீட்டுப் படியே ஏறாத தொப்பியாலதான் என் பொண்ணு வீட்டை விட்டுப் போகப்போறா." எழுந்து கையுறையை மாட்டினார். "வந்து சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன். ஆனா என்னை நம்புவாங்களா?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றார்.

அன்று பிற்பகலே க்ருவா-ரூஸ் மேட்டுக்கு ஏறினேன். தெவெனூ அவன் அப்பாவின் பழைய நெசவுக் கூடத்திலேயே பட்டறை வைத்திருந்தான். அவன் தகப்பனார் நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். வாழ்நாளில் பட்டுத் தொப்பி போட்டதில்லை, அதைக் கழற்றி வைக்க வேண்டிய வீட்டுக்குள்ளும் போனதில்லை. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, தெவெனூ முதலில் சிரித்தான்.

"ஒரு தொப்பிக்கா? தரையில வைக்கணுமா? வெளியில மழையில நனைஞ்சு வர்ற தொப்பியை, மெழுகு போட்ட தரையில? பைத்தியக்காரனுங்க."

"அந்தப் பைத்தியக்காரனுங்கதான் திங்கக்கிழமை ஓட்டுப் போடறாங்க."

"போய்ச் சொல்லிடு. என் தொப்பிதான், இவன்தான் வாங்கிட்டுப் போனான்னு."

"சொன்னா நானே அந்த ஆளாயிடுவேன்டா. இவ்ளோ நாள் பேர் தெரியாம இருந்துச்சு. இப்பப் பேரும் முகவரியும் கெடைச்சுடும். நீ சாட்சி சொன்னா, நண்பனைக் காப்பாத்தறான்பாங்க. தொப்பி அந்த வீட்டுக்குள்ள போகவேயில்லன்னு காட்டணும். எப்படிக் காட்டறது?"

அவன் சிரிப்பு நின்றது. தூரிகைகளை எண்ணெயில் கழுவத் தொடங்கினான். ஏற்கெனவே சுத்தமாக இருந்தவற்றையும் சேர்த்துக் கழுவினான்.

"வழி இருக்கா?" என்றேன்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?"

"ஒம்பதுக்கு. இருக்கா, இல்லையா?"

"வரேன்," என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவனிடமிருந்து வாங்க முடியவில்லை. நான் இறங்கும்போது படிக்கட்டின் மேலிருந்து கூப்பிட்டு, "அந்த வாங்கற குழு எப்ப முடிவு சொல்றாங்களாம்?" என்று கேட்டான். மாதக் கடைசியில் என்றேன்.

வட்டார நீதிபதி ரெவெர்ஷோன் கூட்டத்தைத் தன் அலுவலகத்தில் வைக்கவில்லை. பேச வேண்டியது ஒரு படத்தைப் பற்றி. அதனால் படம் இருக்கும் இடத்திலேயே கூடலாம் என்று எழுதி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை காலையில் கண்காட்சிக்கு விடுமுறை. அதன் செயலாளர் சாவியோடு வந்து கதவைத் திறந்துவிட்டுத் தூணோரம் நின்றுகொண்டார்.

குளிர்ந்த மண்டபம். உறவினர்கள் ஆறு பேர், நீதிபதி, அவருடைய எழுத்தர், மதாம் சவானி, தெவெனூ, நான். நாற்காலி மதாமுக்கும் எழுத்தருக்கும் மட்டும். மற்றவர்கள் படத்தின் முன்னால் அரைவட்டமாக நின்றோம், ஒவ்வொருவர் கையிலும் தொப்பி. அவற்றை எங்கே வைப்பது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தெல்ம் சவானி பேசினார். ஐம்பது வயது, கனத்த உடல், மெதுவான பேச்சு. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தம்பியின் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். தம்பி மகளின் பேரைப் பற்றி ஊர் பேசுவதைத் தாங்க முடியாதவர்.

"எனக்கு வலந்தீன் மேல கோபம் இல்ல, நீதிபதி ஐயா. அவ சின்ன வயசுக்காரி. மறுபடி கல்யாணம் பண்ணிக்கணும்னா என்கிட்ட வந்து சொல்லட்டும், சர்ச்சுக்கு நானே கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். ஆனா என் தம்பியோட பியானோ மேல, என் தம்பி நெய்ய வச்ச பட்டுக்கு முன்னாடி, யாரோ ஒருத்தன் தொப்பியைக் கழட்டி வச்சிருக்கான். அதை ஊரே பாத்துச்சு. நான் கேட்டா தெரியாதுங்கறா."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். சிறிய உருவம், மூக்கின் நுனியில் கண்ணாடி. நான் சொன்னேன். எதிர்பார்த்ததுதான் நடந்தது. தந்தை வழி உறவினர் ஒருவர் இருமினார். இன்னொருவர் என் கையிலிருந்த தொப்பியின் விளிம்பில் இருந்த மஞ்சள் சாயத்தைப் பார்த்தார், பிறகு சுவரின் மஞ்சளைப் பார்த்தார், பிறகு மதாமைப் பார்த்தார்.

"சரி, இப்ப ஆளும் கெடைச்சாச்சு," என்றார் அந்தெல்ம்.

மதாம் சவானி கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார். கண்ணிமை மட்டும் ஒரு முறை நீண்ட நேரம் மூடித் திறந்தது.

அப்போது தெவெனூ முன்னால் வந்தான். ஞாயிறு உடை போட்டிருந்தான், கழுத்துப் பட்டி கோணலாக.

"தொப்பி அந்த அறையில இருந்ததே இல்ல. அதை நான் காட்ட முடியும். ஆனா யாரும் சிரிக்கக் கூடாது."

"இங்க யாரும் சிரிக்கற நெலமையில இல்ல, மொசியே. காட்டுங்க," என்றார் நீதிபதி.

"இந்த நாற்காலியைப் பாருங்க. ஜன்னல் இடப்பக்கம். நாற்காலியோட நெழல் எந்தப் பக்கம் விழுது?"

"வலப்பக்கம்."

"பியானோ கால்?"

"அதுவும் வலப்பக்கம்தான்."

"இப்பத் தொப்பியைப் பாருங்க."

எல்லோரும் ஒரு அடி முன்னால் வைத்தார்கள். நானும் வைத்தேன். இருபது நாளில் பத்து முறையாவது பார்த்த படம். தொப்பியின் பளபளப்பு வலது பக்கத்தில் இருந்தது. நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது, ஜன்னலை நோக்கி. உலகத்தில் எந்தப் பொருளின் நிழலும் ஜன்னலை நோக்கி விழாது.

"என் பட்டறையில ஜன்னல் வலது பக்கம்," என்றான் தெவெனூ. அவன் காது மடல் சிவந்திருந்தது. "படத்தைத் திருப்பி வச்சிருக்கணும், இல்ல தொப்பியை வேற பக்கம் வச்சு வரைஞ்சிருக்கணும். அனுப்பற தேதி நெருங்கிடுச்சு. கறுப்பு மட்டும் கண்ணுல பட்டுச்சு, நெழல் படல. முடிச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. யாராவது கண்டுபிடிச்சுடுவாங்கன்னு மொத நாள் தூங்கல. யாரும் கண்டுபிடிக்கல. பத்திரிகைக்காரன் அதைத்தான் உயிருன்னு எழுதினான். முதல் வருஷ மாணவன் செஞ்சா அடி வாங்கற தப்பு இது."

தூணோரம் நின்ற செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். எழுத்தர் ஒன்றும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. ஆனால் அந்தெல்ம் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் பட்டுக்காரர், ஒரு துணியின் குறையை நாற்பது முழம் தள்ளி நின்று பிடிக்கிறவர்.

"வெளிச்சம் வலப்பக்கத்துலேர்ந்து வருதுங்கறீங்க. சரி. பியானோவுக்கு வலப்பக்கம் என் தம்பி வீட்டுல என்ன இருக்குன்னு இவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். விளக்கு இருக்கு. பெரிய விளக்கு. அப்ப அந்தத் தொப்பி அங்க இருந்தது விளக்கு ஏத்தினதுக்கு அப்புறம்."

பகல் தொப்பியாக வந்தது இப்போது இரவுத் தொப்பியாகிவிட்டது. தெவெனூ தொப்பியின் பக்கம் விரலை நீட்டினான்.

"விளக்கு வெளிச்சம் மஞ்சளா இருக்கும். இது நீலம். வடக்கு வானத்து வெளிச்சம். பாருங்க, இந்தப் பளபளப்பு..."

"எனக்கு வெள்ளையா தெரியுது," என்றார் அந்தெல்ம்.

"சாம்பல்," என்றார் இன்னொருவர்.

மதாம் சவானி முதல் முறையாகப் பேசினார். "அந்தெல்ம், அந்த விளக்கு உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

"அதுக்குப் பதிலா வேற இருக்குமே, வலந்தீன்."

வேறு விளக்கு இருந்தது.

நீதிபதி இதற்குள் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மூக்கு படத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தொப்பியை அல்ல; அதன் பக்கத்தில் கிடந்த கைத்தடியை.

"மொசியே தெவெனூ, இந்த வெள்ளிக் குமிழ்ல சின்னதா கோடு கோடா ஏதோ போட்டிருக்கீங்களே. என்ன இது?"

"அதுவா... கண்ணுக்குத் தெரிஞ்சதைப் போட்டேன்," என்றான் தெவெனூ. அவனுக்கே நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"யாருக்காவது கண்ணு நல்லா இருக்கா?"

மதாமின் தாய் வழி உறவினர் ஒருவர் வந்தார். தன் முகத்தையே பார்ப்பதில்லை என்று மதாம் சொன்னாரே, அவர்தான். ஒர்த்தேர் என்று பெயர், மேட்டில் அறுபது தறிகளுக்கு வேலை கொடுப்பவர். குனிந்து பார்த்தார். ஒரு விரலை நீட்டி, தொடாமல், காற்றில் எண்ணினார்.

"ஜன்னல். ஒசரமா, ஒல்லியா. குறுக்க நாலு கண்ணாடி, மேல கீழ... எட்டு, ஒம்போது." நிமிர்ந்து, கொஞ்சம் எரிச்சலோடு அந்தெல்மைப் பார்த்தார். "தில்சித் கரையில இப்படி ஜன்னல் எந்த வீட்டுல இருக்கு? அங்கெல்லாம் ஆள் ஒசரத்துக்கு ஒரே கண்ணாடி. இது தறிக்காரன் ஜன்னல். வாரத்துக்கு மூணு நாள் இதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறேன், நீங்களும் பாக்கறீங்க. வந்து பாருங்க."

அந்தெல்ம் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தறிகள் உயரமானவை, அவை நுழைவதற்காகவே மேட்டு வீடுகளின் கூரையை உயர்த்தி, நூல் தெரிவதற்காக ஜன்னலைக் கூரை வரை நீட்டி, உடைந்தால் மாற்ற வசதியாகச் சின்னச் சின்னக் கண்ணாடியாகப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் பட்டோடு பிழைக்கிற எவரும் அந்த ஜன்னலை வேறொன்றாக நினைக்க முடியாது. ஒரு பட்டாணி அளவுக் குமிழில், பத்துப் பதினைந்து மெல்லிய தூரிகைக் கோடுகளில், அது அங்கே இருந்தது.

அவர் நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது. தோற்ற வாட்டம் போலத் தெரியவில்லை. பாரம் இறங்கிய களைப்பு போலத்தான் இருந்தது.

"நான் வாபஸ் வாங்கிக்கறேன், நீதிபதி ஐயா." பிறகு தெவெனூவிடம்: "ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா நீங்க?"

"யார்கிட்ட, மொசியே? தொப்பியை எங்க வைக்கறதுன்னு ஒரு கேள்வி இருக்குன்னே எனக்குத் தெரியாதே."

இருந்தாலும் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்றார் நீதிபதி. கூட்டிய குழு முடிவு சொல்லாமல் கலையக் கூடாது. ஆறு பேரும் தாய்க்கே காப்பாளர் உரிமை என்றார்கள். அந்தெல்ம் கடைசியாக, ஆனால் தெளிவாகச் சொன்னார். எழுத்தர் நடவடிக்கைக் குறிப்பை உரக்கப் படித்தார். அதில் "மேற்படி தொப்பி தவறான திசையிலிருந்து ஒளியூட்டப்பட்டிருப்பதை ஓவியர் தாமே ஒப்புக்கொண்டார்" என்று ஒரு வரி இருந்தது. அது கட்டாயம் வேண்டுமா என்று கேட்டேன். அதுதானே காரணம் என்றார் நீதிபதி.

செயலாளர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஓவியச் சங்கத்துக்கே தெரிந்துவிட்டது. மாதக் கடைசியில் வாங்கும் குழு, பனிமூட்டத்தில் படகுகள் நிற்கும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டது. அதில் நிழலே கிடையாது என்று தெவெனூ எனக்குச் சுட்டிக்காட்டினான். ஒரு வருடம் அவனிடம் யாரும் அறை வரையச் சொல்லி வரவில்லை. மீன்களை வரைந்தான்.

அதெல்லாம் பிறகு. அன்று காலை மண்டபத்துப் படியில் நான் மதாம் சவானிக்காகக் காத்திருந்தேன். க்ளோடின் முன்னால் போய்விட்டிருந்தாள். மதாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"மன்னிச்சுக்கங்க, மதாம். அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது."

"வரி நல்லாத்தான் இருந்துச்சு. மோசமா எழுதியிருந்தீங்கன்னா யாரும் படிச்சிருக்க மாட்டாங்க." படி இறங்கினார். "பள்ளிக்கூடம் பதினோரு மணிக்கு விடும். எட்மேயைக் கூட்டிட்டு வரப் போறேன்."

"நானும் அந்தப் பக்கம்தான்..."

"அப்ப நீங்க எதிர்ப்பக்கத்து நடைபாதையில வாங்க," என்றார். கிண்டலா, உத்தரவா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கமாகவே நடந்தேன். பள்ளிக்கூட வாசலில் பணிப்பெண்கள் கூட்டமாக நின்றார்கள். தாயாராக வந்தவர் அவர் ஒருவர்தான். கதவு திறந்து பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். மெலிந்த, முழங்கால் நீண்ட ஒரு சிறுமி க்ளோடினைத் தேடிக் கண்ணை ஓட்டி, தாயைப் பார்த்து நின்றாள். தெரு குறுகல், பேச்சு எனக்குக் கேட்டது.

"அம்மா? க்ளோடினுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நானே வந்தேன்."

"யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகல. பையைக் குடு."

சிறுமி பையைக் கொடுக்காமல் ஒரு நிமிடம் தாயின் முகத்தையே பார்த்தாள். நம்பலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். பையைத் தாயின் கையில் திணித்துவிட்டு, கணக்கு டீச்சர் தனக்குச் செய்த அநியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நீளமான கதை. மதாம் சவானி நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருவரும் ஆற்றின் பக்கமாகத் திரும்பும் வரையிலும் அவள் சொல்லிக்கொண்டேதான் போனாள்.